ஈப்போவில் கை நீட்டாத மாப்பிள்ளை

"...கையில குடுக்காதீங்க மச்சான், கீழ வைங்க. அந்தப் பெஞ்சு மேல வைங்க. வச்சுட்டு ரெண்டு எட்டு தள்ளி நின்னுக்குங்க, நான் எடுத்துக்கிறேன்."

ஈப்போ ரயிலடியில் என் தங்கை புருஷன் வைத்திலிங்கம் என்னை வரவேற்ற விதம் இது. ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து, வாந்தி எடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மடியிலேயே வைத்துக் காப்பாற்றிய அதிரசத் தூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மனிதர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி அதைப் பார்க்கிறார். ஆசையாகத்தான் பார்க்கிறார். ஆனால் கை வரவில்லை.

விரதமோ, வியாதியோ என்று பயந்துபோனேன். தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சொன்னபடி இரண்டு எட்டு தள்ளி நின்றேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், மூடியைத் திறந்தார், அதிரசத்தை ஒவ்வொன்றாகப் புரட்டி அடியில் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பாகு பதமா இருக்கு" என்றார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"சட்டம் மச்சான்" என்றார், அதிரசத்தை மென்றுகொண்டே.

நான் எதற்காகக் கப்பல் ஏறினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினம் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்ததில்லை. பிறத்தியார் பத்திரங்களைப் படித்துப் படித்தே எழுத்தும் சட்டமும் கற்றவன். வைத்திலிங்கம் இங்கே சர்க்காருக்கு ரோடு போட்டுக் கொடுக்கிற கண்டிராக்டர். நாலு மாதத்துக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "சர்க்கார் கண்டிராக்டருக்கெல்லாம் புதுச் சட்டம் வருகிறதாம். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் வந்து படித்துச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை" என்று எழுதியிருந்தார். சட்டம் படிக்கக் கடல் தாண்டிப் போனவர்களில் பாரிஸ்டர் ஆகாமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் வந்து சேர்வதற்குள் சட்டமும் வந்துவிட்டது. அதற்கு அவரே ஒரு அர்த்தமும் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த அர்த்தத்தை எனக்கு விளக்கியவர் ரயிலடிக்கு அப்பால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மரைக்காயர். நாகூர்க்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர். கடைக்குள் நுழைந்ததும் எனக்குக் கோப்பியைக் கையில் கொடுத்தார். இங்கே காபி கிடையாது, கோப்பி. கறுப்பாக வடிகட்டி, டின் பாலை அடியில் ஊற்றி, கலக்குவதை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். நான் கலக்காமல் குடித்து, முதலில் கசப்பையும் கடைசியில் பாயசத்தையும் அனுபவித்தேன். வைத்திலிங்கத்தின் கோப்பியை மரைக்காயர் மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, பழகிய காலோடு இரண்டு எட்டு பின்னால் போனார்.

"மூணு வாரமா இப்படித்தான் லா" என்றார் என்னிடம், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து. "இவருக்குக் கோப்பி வச்சு வச்சு நான் பின்னாடி நடக்கப் பழகிட்டேன். குடுக்கிறதுக்கு மட்டும் கை நீட்டுவாரு. வாங்கிறதுக்கு நீட்ட மாட்டாரு."

விஷயம் இதுதான். முன்பெல்லாம் கூலியாள் வேலையை விட்டு ஓடினால் பிடித்து ஜெயிலில் போடலாம். ரப்பர் தோட்டங்களில் அந்த வழக்கத்தை எடுத்து, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் போகலாம் என்று ஆக்கினார்கள். இப்போது அதே சட்டத்தைச் சர்க்கார் வேலை எடுக்கும் கண்டிராக்டர்களின் தலையிலும் வைத்துவிட்டார்கள். ஆள் நோட்டீஸ் கொடுத்தால் மாதம் முடிந்ததும் விட்டுவிட வேண்டும். தடுத்தால் சர்க்கார் பட்டியலிலிருந்து கண்டிராக்டரின் பெயரை அடித்துவிடுவார்கள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி கல்லு உடைக்கிற அஞ்சலை ஆளுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து, நாங்க முப்பத்திரண்டு பேரும் போறோம்னு சொல்லிச்சு" என்றார் மரைக்காயர். "இவரு, வாயால சொன்னா செல்லாது, எழுதிக் கொண்டான்னாரு. அது பசார்ல போயி எழுதி, எல்லாருகிட்டயும் பெருவிரல் வாங்கிக் கொண்டாந்துருச்சு. அன்னைலேருந்து இவரு கை நீட்டலை."

"நோட்டீச நான் கையில வாங்கினாத்தானே மாசம் ஆரம்பிக்கும்?" என்றார் வைத்திலிங்கம். "நிச்சயத் தாம்பூலம் மாதிரி. தட்டை வாங்கலன்னா நிச்சயம் ஆச்சுன்னு யாரு சொல்லுவா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. கோர்ட்டு அமீனா சம்மனோடு தெருவில் நுழைந்தால், தோட்டத்துப் பக்கமாக வைக்கோற்போருக்குள் போய்விடுகிற பெரிய மனிதர்களை எங்கள் ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவர் வைக்கோற்போர் இல்லாத ஊரில் கையை ஒளித்துக்கொண்டார்.

ஏன் இந்தப் பாடு என்றால், அவர் போடும் ரோட்டில் இன்னும் பத்து நாள் வேலை பாக்கி. இரண்டு வாரத்தில் என்ஜினீயர் துரை பார்க்க வருகிறார். அதற்குள் முடியாவிட்டால் அடுத்த ரோடு வேறு ஆளுக்கு. கூலிக்கு வந்து, கண்டிராக்டர் ஆகி, கோட்டுத் தைத்துக்கொள்ளப் பதினெட்டு வருஷம் ஆன மனிதர். பட்டியலில் இருக்கும் அந்தப் பெயரைத்தான் அவர் சொத்தாக நினைத்தார்.

குனோங் ராபாட் குன்றடியில் வீடு. அந்தக் குன்றுகளைப் பற்றி எப்படிச் சொல்வது? எங்கள் கீழத் தஞ்சையில் நெல்மூட்டை அடுக்கை விட உயரமாக எதையும் பார்க்காதவன் நான். இங்கே சமதரையில் திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புக்கல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது, தலையில் மட்டும் காடு. வைத்திலிங்கத்துக்கு அதைப் பார்த்தால் ரோட்டுக்கான கல்லாகத் தெரிகிறது. "இந்த ஒண்ணு போதும் மச்சான், சிங்கப்பூர் வரைக்கும் போட்டுரலாம்."

என் தங்கை செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழு வருஷப் பிரிவுக்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சு மூணு வாரம் ஆச்சு அண்ணே. சோத்தைத் தரையில வச்சுட்டு நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போகணும். அப்புறம்தான் தட்டைத் தொடுவாரு. கட்டின பொண்டாட்டி நான், கூண்டுல இருக்கிற புலிக்கா சோறு வைக்கிறேன்?"

மனைவியிடமும் ஏன் வாங்குவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் காலை அஞ்சலை வந்து, கண்டிராக்டர் வீட்டுக்கு என்று ஒரு கட்டு வாழையிலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். செண்பகம் அதில் ஒன்றை விரித்துத் தோசை வைக்கப் போனால், இலை மடிப்பில் முப்பத்திரண்டு பெருவிரல் ரேகையோடு அந்தக் காகிதம். வைத்திலிங்கம் தோசையையும் விட்டு எழுந்து ஓடியிருக்கிறார்; காகிதம் அஞ்சலையிடமே திரும்பிப் போனது. "அந்தத் தோசையை நாய்தான் தின்னுச்சு. சட்டப்படி அதுக்குத்தான் நோட்டீசு" என்றாள் செண்பகம். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் அவரோடு கோயிலுக்குப் போனேன். அங்கே விபூதிக்கும் கை நீட்டவில்லை. பூசாரிக்கு ஏற்கெனவே தெரியும்போல. பால்குடிக் குழந்தைக்கு இடுவது மாதிரி அவரே நெற்றியில் இட்டுவிட்டார். வைத்திலிங்கம் கண்ணை மூடி நின்றார். சாமியிடம் அவர் கேட்டது எதுவாக இருந்தாலும், சாமி அதைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் ரோட்டு வேலையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். அவர் விடியுமுன்பே போயிருந்தார். மோட்டார் பஸ்ஸில் ஏறி, "ரோடு போடுற இடத்துல இறக்கி விடு" என்று தமிழில் சொன்னேன். வண்டியோட்டி மலாய்க்காரர். தலையை ஆட்டினார். எங்கள் ஊரில் இப்படித் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தம். இங்கே வந்தவனுக்கு மரியாதை என்று அர்த்தம் போலிருக்கிறது. ஒரு சீனக் கிழவர் மடியில் வாத்துக்கூடையோடு என் தோளில் தூங்கினார். வாத்து விழித்திருந்தது. அரை மணி நேரம் என்னையே பார்த்தது.

இறங்கியது தஞ்சோங் ரம்புத்தான். ரோடு ஏற்கெனவே போட்டிருந்தது. எதிரே பெரிய ஆஸ்பத்திரி. மனம் கலங்கியவர்களை வைத்துப் பார்க்கும் இடம் என்று வாசலில் நின்ற தமிழர் சொன்னார். யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டார். யாரையும் இல்லை, சட்டம் படிக்க நாகப்பட்டினத்திலிருந்து வந்தேன், பஸ் மாறி ஏறிவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அதைக் கண்டு பயந்துபோய், மூன்று வாரமாக யார் கையிலிருந்தும் எதையும் வாங்காத என் மாப்பிள்ளையைப் பற்றி முழுசாகச் சொன்னேன். கனிவு இன்னும் அதிகமாயிற்று.

"இப்படி நெழல்ல உக்காருங்க அண்ணே" என்றார். "திரும்பிப் போற வண்டி வரும், நானே ஏத்தி விடுறேன். அவரையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நல்ல காத்தோட்டமான எடம்."

ஆள் நல்லவர். சொன்னபடி ஏற்றிவிட்டார், இறங்கும் இடத்தை வண்டியோட்டிக்கு மலாயில் இரண்டு தரம் சொன்னார். கையில் இரண்டு ரம்புத்தான் பழமும் கொடுத்தார். மேலெல்லாம் சிவப்பு மயிர் முளைத்த பழம். உரித்தால் உள்ளே நம் நுங்கு மாதிரி.

ரோட்டு வேலை நடக்கும் இடத்துக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். வைத்திலிங்கம் தூரத்தில் ரோட்டு எஞ்சினோடு நின்றிருந்தார். இந்தப் பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு இரும்பு வளையம். உடைத்த கல் அதில் நுழைய வேண்டும். நுழையாத கல் மறுபடி சுத்தியலுக்குப் போகும். வரிசைத் தலையில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் சுத்தியலை வைத்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் ஈரத் துண்டு. அஞ்சலை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சட்டம் படிக்க வந்த ஊர்க்கார அண்ணன் நீங்கதானே? நானும் உங்க பக்கந்தான், தேவூரு. எந்தத் தெருன்னு கேக்காதீங்க, ஊருக்கு வெளிய இருக்கிற தெரு."

கெண்டியிலிருந்து ஒரு எனாமல் லோட்டாவில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். இதை மறைக்காமல் எழுதுவதுதான் முறை. என் கை உடனே போகவில்லை. ஒரு கணம்தான். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரித் தெருக்காரர்களுக்கு எப்படி ஊற்றுவார்கள், எதில் ஊற்றுவார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த கை அது. பிறகு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"பரவாயில்லை. நீங்க வந்து மூணு நாள்தானே ஆவுது" என்றாள். "அவருக்குப் பதினெட்டு வருசம் ஆச்சு."

எனக்கு மெல்ல உறைக்க ஆரம்பித்தது.

"ரோட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போலாம்னுதான் மொதல்ல நெனைச்சோம்" என்றாள் அஞ்சலை. "நாங்க தங்கியிருக்கிறது பழைய தோட்டத்து லயம், கூலியாளுங்க வரிசை வீடு. ரப்பர் வெலை விழுந்தப்ப சாத்திட்டுப் போனாங்க, லயம் பூரா லாலான் புல்லு மண்டிப் போச்சு. இப்ப வெலை ஏறிடுச்சு, தோட்டத்தைத் தொறக்கிறாங்க. நாங்க மரம் சீவினவங்க, எங்களுக்குக் கல்லை விட அதுதான் தோது. அதைத்தான் போயிச் சொன்னேன். போறோம், மாசம் முடிஞ்சாலும் ஒங்க ரோடு முடியாம நகர மாட்டோம்னு சொல்ல வாயைத் தொறக்கிறதுக்குள்ள, எழுதிக் கொண்டாங்கிறாரு. எழுதிக் கொண்டாந்தா, கையை இழுத்துக்கிறாரு. தண்ணி குடுத்தா, கீழ வைங்கிறாரு. வச்சுட்டு நவுந்துக்கங்கிறாரு. நானும் தேவூர்ல இருந்து வந்தவதானே. கீழ வையின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் இருந்தவள் உடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கோட்டு போட்டதும் சாதி வந்திருச்சு அக்கா அவருக்கு. கப்பல் ஏறினப்ப கடல்ல விட்டுட்டு வந்தாரு, நீந்தி வந்து சேந்துருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"இவரு ஒரு காலத்துல தோட்டத்தை விட்டு ஓடினவரு. தெரியுமா ஒங்களுக்கு? பிடிச்சு, பத்து காஜாங்கிற ஊர்ல ஜெயில்ல போட்டாங்க. கல்லு எந்தப் பக்கம் தட்டினா வெடிக்கும்னு அங்கதான் படிச்சாரு. வெளிய வந்தப்ப எங்க லயத்துலதான் சோறு. நான்தான் போட்டேன். கையிலதான் வாங்கினாரு."

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது தரகர், "மாப்பிள்ளைக்குச் சர்க்காரில் கல் வேலை பார்த்த அனுபவம் உண்டு" என்று சொன்னார். யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லை.

"சட்டத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்" என்று நான் தாம்பூலக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. "அப்படின்னா இதைப் படிச்சுச் சொல்லுங்க. வாயால சொன்னது செல்லுமா செல்லாதா? செல்லும்னா வர்ற திங்கக்கிழமையோட மாசம் முடியுது. அதுக்கு மேல ஒரு நாள் கூட இருக்க மாட்டோம். லேபர் ஆபீசு துரை வந்தா, நடந்ததையும் சொல்லிடுவோம்."

படித்துவிட்டு நாளைக்கே வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். லோட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் சட்டத்தை விரித்தேன். தமிழில் அச்சடித்த ஒரு தாள். சர்க்கார் சேவகன் கொண்டுவந்தபோதும் இவர் கை நீட்டாததால், அவன் வாசல் தூணில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். செண்பகம் வெந்நீர் தடவி உரித்துக் கொடுத்தாள். யாதொரு, மேற்படி, ஆகவே என்று எங்கள் கோர்ட்டு பாஷையேதான். கடல் கடந்தும் அது மட்டும் மாறவில்லை.

நாலாவது பத்தியிலேயே இருந்தது. கூலியாள் தன் நோட்டீஸை வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ கொடுக்கலாம். சாட்சிக்கு இரண்டு பேர் கேட்டிருந்தால் போதும். வாங்க வேண்டும் என்று எங்குமே இல்லை. கையைப் பற்றி அந்தத் தாள் முழுக்க ஒரு பேச்சும் இல்லை.

அதற்குக் கீழேயே இன்னொன்று. நோட்டீஸ் கொடுப்பதற்கு இடைஞ்சல் செய்கிற கண்டிராக்டரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

இரண்டு தரம் உரக்கப் படித்தேன். வைத்திலிங்கம் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார். கை இரண்டும் மடியில் இருந்தன.

"அப்ப அவ மொத நாள் வந்து சொன்னப்பவே..."

"அப்பவே ஆரம்பமாகிவிட்டது மாப்பிள்ளை."

"சாட்சிக்கு ரெண்டு பேரு கேட்டிருக்கணுமே?"

"அவளோடு வந்த முப்பத்தோரு பேரும் கேட்டார்கள்."

செண்பகம்தான் கேட்டாள்: "அப்ப இந்த மூணு வாரமும் நான் அடுப்படிக்கு ஓடினது?"

நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே பசைதான் இருந்தது.

"அவகிட்ட இதைச் சொல்லாதீங்க மச்சான்" என்றார் வைத்திலிங்கம் கடைசியில். "பத்து நாள். பத்தே நாள் தெரியாம இருந்தா போதும்."

"வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"எனக்குப் படிக்கத்தானே ஒங்களைக் கூப்பிட்டேன்?"

"படித்துவிட்டேனே" என்றேன். பிறகு, அஞ்சலை 'கீழ வை' என்பதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் மறந்துபோயிருக்கிறார். மறந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. ஊரில் அப்படி ஒன்று உண்டு என்பதையே மறந்த மனிதர், சட்டத்துக்குப் பயந்து, அதையே ஒரு வேற்றுமையும் இல்லாமல் செய்து காட்டிவிட்டார்.

"பத்து காஜாவுல இருந்து வந்தப்ப சோறு போட்டேன்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

"சொன்னாள்."

"கருவாடும் போட்டா. அதைச் சொன்னாளா?"

"அதைச் சொல்லவில்லை."

எழுந்து உள்ளே போனார்.

காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரும் மாட்டுவண்டியைப் பூட்டச் சொன்னார். என்னைத் தனியாக விட மனமில்லையோ, தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் மறுபடி போய்ச் சேர்வேன் என்ற பயமோ தெரியாது. அவர் போட்ட ரோடு தொடங்கும் இடம் வரை வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அதன் பிறகு சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. எங்கள் நாகப்பட்டினம் ரோட்டில் இப்படி ஒரு கால் மைல் கிடையாது. நான் அதைச் சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் இளகியது.

அஞ்சலை எழுந்து நின்றாள். மற்றவர்களும் சுத்தியலை வைத்தார்கள். நான் எல்லாருக்கும் கேட்கும்படி நாலாவது பத்தியைப் படித்தேன். வாயால் சொன்னது செல்லும், திங்கட்கிழமையோடு நீங்கள் போகலாம், யாரும் தடுக்க முடியாது. இடைஞ்சல் செய்கிறவர் பெயரை நீக்குவதையும் விடாமல் படித்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்க்காமல்தான் படித்தேன்.

"அந்தக் காகிதத்தைக் குடு அஞ்சலை" என்றார் வைத்திலிங்கம். "முறையா வாங்கிக்கிறேன்."

"எந்தக் காகிதம்?"

"பெருவிரல் வச்ச காகிதம்."

அவள் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். தேத்தண்ணிக் கெண்டியின் காதைச் சூடு தாங்கிப் பிடிக்க, நாலாக மடித்துச் செருகியிருந்தாள். முப்பத்திரண்டு ரேகையும் கரியோடு கரியாகியிருந்தது.

"அது இனிமே எதுக்கு கண்டிராக்டரே? வாயால சொன்னதே போதும்னு ஒங்க மச்சான் படிச்சுட்டாரே. மூணு வாரமா தூக்கிக்கிட்டு நடந்தேன், நீங்க வாங்கலை. இப்ப நீங்க வாங்க வந்திருக்கீங்க, எனக்குக் குடுக்கத் தேவை இல்லை."

பின்வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தது எல்லாருக்கும் கேட்டது: "கீழ வச்சா எடுத்துக்குவாரோ என்னமோ."

வைத்திலிங்கத்தின் கழுத்து சிவந்தது. "சட்டத்துக்குப் பயந்துதான் அப்படிச் செஞ்சேன். நீ நெனைக்கிற மாதிரி இல்லை" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அஞ்சலை. "கீழ வையிங்கிறவங்க ஊர்லயும் ஏதாவது ஒரு காரணம் வச்சிருப்பாங்க. எங்களுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் கேக்கும்."

ரோட்டு எஞ்சின் தூரத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் செம்மண். பத்து நாள் வேலை. வைத்திலிங்கம் அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை கெண்டியைச் சாய்த்தாள். நேற்று எனக்குக் கொடுத்த அதே லோட்டா. விளிம்பில் ஒரு இடத்தில் எனாமல் போயிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நீட்டவில்லை, கீழேயும் வைக்கவில்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. முப்பத்தோரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைத்திலிங்கம் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கோட்டு விளிம்பில் உள்ளங்கையைத் துடைத்தார். இரண்டு எட்டு முன்னால் போய், அவள் பிடித்திருந்த இடத்துக்கே கையைக் கொண்டுபோய் வாங்கினார். நல்ல சூடு. விரல் மாற்றி விரல் பிடித்தார். பக்கத்தில் வைக்கத் தோதான கல்குவியல் இருந்தது, வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே, வாயை வைத்துக் குடித்தார்.

"சீனி பத்தலையா அண்ணே?" என்றாள் அஞ்சலை. மூன்று வாரத்தில் அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு வைத்திலிங்கமே சொன்னார்.

வரிசையில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து, ஒரு கல்லைப் புரட்டி வைத்துத் தட்டினாள். இன்னொரு சுத்தியலும் சேர்ந்துகொண்டது.

வைத்திலிங்கம் காலி லோட்டாவை அஞ்சலை கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, மறுபடி கையை நீட்டினார்.